கரவும் களமும்: டென்ச்சு, செகிரோ நிகழ்பட விளையாட்டுகளும் மாமல்லபுரப் போர்ச்சிற்பமும்

ஆய்வுச் சுருக்கம்

எதிரியின் கண்ணில் படாமல் இயங்கி வெல்வதை உயிராகக் கொண்ட பழைய நிகழ்பட விளையாட்டொன்றைப் புதிய போர்முறையுடன் மீட்டெடுக்கும்போது எது நிலைபெறுகிறது, எது கைவிடப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. டென்ச்சு (1998), அதன் மீட்டுருவாக்க முயற்சியாகத் தொடங்கிய செகிரோ (2019) ஆகிய இரண்டும் முதன்மைச் சான்றுகள். மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குடைவரையும் தொல்காப்பியர் வகுத்த வெட்சித்திணையும் ஒப்பீட்டு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, கரவுத்தாக்கு, வெட்சி, மாமல்லபுரம், போர்ச்சிற்பம்.

முன்னுரை

தமிழ் மரபை நிகழ்பட விளையாட்டிற்குள் கொண்டுவருதல் பற்றிய பேச்சு பெரும்பாலும் காட்சியளவில் நின்றுவிடுகிறது. கோபுரமும் குடைவரையும் பின்புலமாக அமைந்தால் மரபு வந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் விளையாட்டு விதிகளின் வழியாகவே பொருள் உணர்த்தும் கலைவடிவம். ஆடுபவர் எதைச் செய்யலாம், செய்தால் என்ன நேரும் என்பனவே அதன் இலக்கணம். எனவே மரபு பின்புலத்தில் மட்டுமன்றி விதியிலும் இடம்பெற இயலுமா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை அணுகுவதற்கு மேற்குறித்த இரு ஜப்பானிய விளையாட்டுகள் நல்ல வாயிலாக அமைகின்றன.

டென்ச்சு: வலுவின்மை என்னும் விதி

அக்வயர் நிறுவனம் உருவாக்கிப் பிளேஸ்டேஷனில் 1998ஆம் ஆண்டு வெளிவந்த டென்ச்சுவில் ரிக்கிமாரு, அயாமே என்னும் இரு நிஞ்சாக்களுள் ஒருவரை ஆடுபவர் இயக்குகிறார். எதிரி எவ்வளவு அருகில் உள்ளான், ஐயுற்றானா, கண்டுகொண்டானா என்பவற்றைத் திரையிலுள்ள ஓர் அளவி காட்டும். கொக்கிக் கயிற்றால் கூரையேறி, பின்புறமாக அணுகி, ஒரே வீச்சில் வீழ்த்துவதே சிறந்த வழி. கண்ணில் பட்டால் இறுதி மதிப்பீடு குறையும். நேருக்கு நேரான வாட்போர் தடுமாற்றம் மிக்கது. இதனை வடிவமைப்பின் குறை என்று மட்டும் கூறிவிட முடியாது. வெளிப்படைப் போரில் வலுக்குன்றியவன் என்பதாலேயே ஆடுபவர் இருளை நாடுகிறார். வலுவின்மையே கரவிற்குப் பொருள் தருகிறது.

செகிரோ: நிலைகுலைவு என்னும் விதி

டென்ச்சுவின் உரிமையை ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2004ஆம் ஆண்டு பெற்றது. அதன் புதிய தொடர்ச்சியாகவே செகிரோ முதலில் எண்ணப்பட்டது. பல நிறுவனங்களின் கைவண்ணம் படிந்த தொடரைத் தொடர்ந்தால் அது போலச்செய்தலாக முடியும் என்று கருதித் தனிப்படைப்பாக மாற்றியதாக அதன் இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி விளக்கியுள்ளார். 2019 மார்ச்சில் வெளிவந்த அவ்விளையாட்டு கொக்கிக் கயிற்றையும் பின்புறக் கொலையையும் காத்துக்கொண்டது. வாட்போரை முற்றிலும் புதிதாக அமைத்தது.

அதன் மையம் நிலைகுலைவு அளவி. எதிரியின் உயிராற்றலைக் குறைப்பது மட்டும் இங்குப் போர் அன்று. அவன் வீச்சை உரிய கணத்தில் தட்டி விலக்க விலக்க, அவன் நிற்கும் நிலை குலைகிறது. முற்றும் குலைந்த கணத்தில் இறுதிவெட்டு வாய்க்கிறது. காயம் மிகுந்தவன் நிலையை மீட்டுக்கொள்ள நெடுநேரமாகும். துணைத்தலைவர் நிலையிலுள்ள எதிரிகள் பலரை மறைந்து சென்று தாக்கினால் ஓர் இறுதிவெட்டு முன்னதாகவே கிட்டும். இவ்வகையில் கரவும் களமும் ஒரே விதியின்கீழ் வருகின்றன: இரண்டும் எதிரி காப்பிழக்கும் கணத்தைத் தேடுபவை. இதுவே இம்மீட்டெடுப்பின் பெருஞ்சாதனை.

மாமல்லபுரச் சான்று

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் உள்ள பல்லவர் காலத்து மகிடாசுரமர்த்தினி குடைவரை இவ்விதியைக் கல்லில் காண உதவுகிறது. வடசுவரில் எண்கரத்துக் கொற்றவை சிங்கத்தின்மீது அமர்ந்து வில்வளைக்கிறாள். எருமைத்தலை மகிடன் தண்டினை இருகையாலும் பற்றியிருந்தும் உடல் பின்சாய்கிறான். அவன் இன்னும் வீழவில்லை. குடையும் தலைமேல் உள்ளது. ஆயினும் போர் முடிவாகிவிட்டதை அச்சாய்வு உணர்த்துகிறது. அதே ஊரின் திரிமூர்த்தி குடைவரைப் புறச்சுவரில் கொற்றவை எருமைத்தலைமீது நிற்பது வெற்றிக்குப் பிந்திய வடிவம். முன்னதில் சிற்பி தேர்ந்தது நிலை குலையும் கணம்.

இதற்கு எதிரான தென்சுவரில் திருமால் அறிதுயில் கொள்ள, காலடிப்புறம் மது, கைடபர் நிற்கின்றனர். தாக்கக் கருதி வந்தவர்கள், தாக்குதலோ நிகழவில்லை. துயில்பவரை நாடிவரும் பகை ஒருபுறம், நேர்நின்ற போர் மறுபுறம் என இரண்டையும் ஒரே மண்டபத்தில் காண்கிறோம். இவ்வாறு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் வாசிப்பே. சிற்பியின் கருத்தும் இதுவே என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் போர்விதி ஒன்றை வகுப்போர் இக்குடைவரையில் கற்கத்தக்கது உண்டு என்பது தெளிவு.

வெட்சி காட்டும் குறை

செகிரோவில் விடுபட்டதைக் காட்டுவது வெட்சித்திணை. தொல்காப்பியர் வெட்சியை இரவில் மறைந்து சென்று ஆநிரை கவர்வதோடு முடிப்பதில்லை. ஒற்றறியும் வேய், நிரை கவரும் ஆகோள் ஆகியவற்றிற்குப் பின் பூசல் மாற்று, பாதீடு, உண்டாட்டு, கொடை எனத் துறைகள் தொடர்கின்றன. நிரை மீட்டலாகிய கரந்தையையும் அவர் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாக்கியது. எவ்வாறாயினும் கரவிற்குப் பின்விளைவு உண்டு என்பது இலக்கண நூலாரின் துணிபு.

செகிரோவில் அப்பின்விளைவு மெலிகிறது. கண்டுகொண்ட காவலன் சிறிதுநேரத்தில் அமைதியுற்றுத் தன் இடத்திற்குத் திரும்புகிறான். ஆடுபவர் இளைப்பாறினால் வீழ்ந்த பொதுவீரர் மீண்டும் எழுகின்றனர். நாயகன் பலமுறை மாண்டு மீள்வதால் ஏனையோரைப் பற்றும் நோய் ஒன்று உண்டெனினும், அது சாவின் விளைவேயன்றிக் கரவின் விளைவன்று. டென்ச்சுவில் மறைந்தியங்கியமைக்கு இறுதி மதிப்பீடேனும் இருந்தது. செகிரோ அதனையும் நீக்கியது. போர்த்திறன் வளர்ந்தவருக்குக் கரவு தேவையற்ற வசதியாகிவிடுகிறது.

முடிவுரை

பழைய கரவு விளையாட்டிற்குப் புதிய வாட்போரைச் சேர்ப்பது மட்டும் மீட்டெடுப்பு ஆகாது. இரண்டையும் பிணைக்கும் விதி வேண்டும். செகிரோ அவ்விதியின் முற்பாதியைக் கண்டது. பிற்பாதியாகிய பின்விளைவிற்கு வெட்சியும் கரந்தையும் வழிகாட்டும். கவர்ந்த நிரையை ஓட்டிச்செல்லும்போது நடை தளரும், தடம் பதியும், ஊர் திரண்டு பின்தொடரும்; ஈட்டியது பகிரப்படும். இவையனைத்தும் விளையாட்டு விதிகளாகத்தக்கவை. புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ராஜி (2020) துர்க்கையையும் திருமாலையும் கதைசொல்லிகளாக்கி, அவர்தம் படைக்கலங்களை நாயகிக்கு அளித்தது. அது பாராட்டத்தக்க தொடக்கம். அடுத்த படியில் மாமல்லபுரம் வெறும் பின்திரையாக வந்தால் இழப்பு நமதே. மகிடனின் பின்சாய்வைப் போர்விதியாகவும், வெட்சித் துறைகளை நிகழ்ச்சி வரிசையாகவும் வகுத்துத் தருவது தமிழாய்வாளர் செய்யத்தக்க பணி. கணினி வல்லுநர் அதனைத் தாமே செய்துகொள்வர் என்று எதிர்பார்த்தல் முறையன்று.