கதையில் சாகும் தாய்மார்

கதாசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாயகனைத் தாயற்றவன் ஆக்க வேண்டுமா? அன்னையைப் பிள்ளைப்பேற்றில் சாகடித்தால் போதும். கதவு மூடுகிறது, உள்ளே ஓர் அலறல், மருத்துவச்சி தலைகவிழ்ந்து வருகிறாள். "தலைவிதி" என்றொரு சொல். அடுத்த இயல் தொடங்கிவிடும்! நாடகத்திலும் திரைப்படத்திலும் இந்தக் கதவு எத்தனை முறை மூடியதோ! சீர்திருத்தம் பேசும் நம்மவர் நாடகங்களும் விலக்கல்ல.

நாம் கேட்பது ஒன்றே: அந்தத் தாய் எதனால் இறந்தாள்?

கொலையுண்டவன் கதையென்றால், கத்தி யாருடையது என்று முந்நூறு பக்கம் துப்புத் துலக்குகிறார்கள். பேறுகாலத்தில் மாண்டவளுக்கு மட்டும் காரணம் எழுதப்படுவதில்லை. மருத்துவ நூல் மறைக்காமல் சொல்கிறது: கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, ஏறிய இரத்த அழுத்தம், தொற்று. இத்தகைய சாவுகளில் முன்னிற்பவை இவையே. இரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை சுற்றி அளந்துவிடலாம். 140க்கு 90 என்ற அளவை எட்டினாலே எச்சரிக்கை. உதிரப்போக்கு யாருக்கு நேரும் என முன்னரே அறிவது அரிது. ஆயின் அதைத் தாங்கும் வலிமையை உடலுக்கு முன்னரே ஊட்ட இயலும். அதற்கே இரும்புச் சத்து மாத்திரை. நாளுக்கு ஒன்றாக 180 நாளைக்கு அரசு விலையின்றித் தருகிறது. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை என்றது.

மாத்திரை இருக்கச் சோகை ஏன்?

நம்முடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், அறிவியல் கற்பிப்பவர். ஏழாம் மாதத்தில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினார். சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம். 11க்குக் குறைந்தாலே சோகை! இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்றாராம் மாமியார். மாத்திரை அலமாரி மூலைக்குப் போயிற்று. பாலில் குங்குமப்பூ மிதந்தது. வயிறார உண்டால் பிள்ளை பெருத்துவிடும் என்று சோற்றிலும் பாதி குறைந்தது. மாத்திரையால் கறுப்பது மலம். உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதால் அப்படி. பிள்ளையின் நிறமோ பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும்பைப் பற்றிப் பாடம் நடத்தியவர், வீட்டில் வாய் திறக்கவில்லை. கறுப்பின்மேல் உள்ள வெறுப்பு அத்துணைப் பெரிது!

அவரைக் குறைகூற நமக்குத் தகுதி ஏது? ஏழு மாதம் ஒரே அறையில் அமர்ந்திருந்தோம். "மாத்திரை உண்கிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டோமா? வளைகாப்புக்குப் போனோம், புளிச்சோறு நன்று என்று புகழ்ந்து வந்தோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பு வழியே இரும்புச் சத்து ஏற்றினர். எண் 10ஐத் தாண்டியதும், செவிலியர் மாமியாரை அழைத்து அரைமணி நேரம் பேசினார். தேநீரோடு தந்தால் இரும்பு உடலில் சேராது என்பதறிந்து, இன்று அந்த அம்மையாரே எலுமிச்சைச் சாற்றுடன் மாத்திரையை எண்ணி நீட்டுகிறார். மனம் மாறிய மாமியார் எத்தனையோ கதைகளில் வருகிறார். ஆயின் மாத்திரை எண்ணும் மாமியாரை நாம் படித்த எந்தக் கதையிலும் கண்டதில்லை.