அறக்கோட்டத்துக்கு அளவுகோல் எது?

காஞ்சி என்றதும் கோபுரத்தின் உயரத்தைப் பேசுவோர் உண்டு. பட்டின் பளபளப்பைப் பேசுவோர் உண்டு. பசித்தவனுக்கு அந்த நகரம் திறந்து வைத்த வாயில் எது என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். விடையும் நம் தமிழிலேயே இருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் நமக்கு இரண்டு அறச்சாலைகளைக் காட்டுகிறது. ஒன்று புகாரில். மன்னன் மாவண்கிள்ளி, "வேண்டுவது யாது?" என வினவ, மணிமேகலை பொன் கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டாள். புதுத் தூண் ஒன்றும் நடப்படவில்லை. பூட்டு அகன்றது, அடுப்பு எரிந்தது. கட்டடம் அதுவே, கருத்து வேறு!

மற்றொன்று காஞ்சியில். மழை பொய்த்து மக்கள் வாடிய வேளையில் அங்கே அமுதசுரபியை ஏந்தினாள். பதினெட்டு மொழி பேசுவோர் திரண்டனர். பார்வையற்றோர், செவி கேளாதோர், கால் முடங்கியோர், பேச இயலாதோர், நோயுற்றோர் எல்லாரும் உண்டனர். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேட்டுச் சோறிட்டதாகச் சாத்தனார் சொல்லவில்லை. அந்தப் பாத்திரத்தை முன்னர் ஏந்தியிருந்த ஆபுத்திரனோ, வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்ததற்காக வேதியரால் விரட்டப்பட்டவன். ஊர் ஒதுக்கியவனின் கையிலிருந்தே ஊருக்கு உணவு வந்தது!

இந்த அளவுகோலோடு பிற்காலச் சத்திரங்களை அளப்போம். அமைப்பிலே குறை சொல்வதற்கில்லை. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம், சுற்றிலும் அறைகள், பின்புறம் சமையற்கட்டும் கிணறும். வெயிலுக்கு நிழல், நடந்து களைத்த காலுக்கு ஓய்வு. கொத்தனாரின் அறிவைப் போற்றுகிறோம். ஆனால் அதே கட்டடத்திலே சாதியும் தன் கோட்டைக் கிழித்தது. உள்கூடத்துப் பந்தியில் ஒருவன். திண்ணையோடு நிறுத்தப்பட்டவன் ஒருவன். தெருவிலேயே கையேந்தி நின்றவன் ஒருவன். சோறு ஒன்று, வரிசை வேறு என்றால் அதை அறம் என்பதா, அவமதிப்பு என்பதா? தனிப் பந்தி என்ற ஒன்றே 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தைப் புயலில் ஆழ்த்தியதை நாடறியும்.

தஞ்சை மன்னர் சரபோசி, 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில், பார்ப்பனர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக வழிப்போக்கர் அனைவர்க்கும் தம் சத்திரங்களில் உணவு உண்டு என்றார். அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரமும் எழுந்தது. பாராட்டுவோம். ஆயினும் சமைத்த சோற்றை ஏற்காதவர்க்குப் பச்சரிசி தனியே வழங்கப்பட்டது என்றும் அம்மடலே சொல்கிறது. வாயில் விரிந்தது, பந்தி விரியவில்லை.

பச்சையப்பர் 1794இல் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் தம் செல்வத்தை எழுதி வைத்தார். வழக்குமன்றம் ஏறிய அந்தச் சொத்தின் உபரி கல்விக்குத் திரும்பியது. 1842இல் சென்னையில் பள்ளி பிறந்தது. 1850இல் கிரேக்கக் கோயிலின் வடிவில் மண்டபமும் திறக்கப்பட்டது. காஞ்சியிலும் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. நெசவாளர் குடும்பத்து அண்ணா அங்கே பயின்றார். சோற்றுக்கு விட்ட சொத்து அறிவுக்கும் உதவியது. அக்கல்லூரியோ 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது உண்மையான மாற்றம். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் சோறிட்டார். 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் அது பரந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இங்கே கொடுப்பவன் வள்ளல் அல்லன்; உண்பவன் இரவலன் அல்லன். பள்ளிக்கூடமே சத்திரம், பிச்சை உரிமையாயிற்று! ஒரே வரிசையில் உட்கார மறுப்போரும், சமைத்தவரின் சாதி கேட்போரும் இன்னும் தலைகாட்டுவது மட்டுமே நமக்கு நாணம்.

பழைய சத்திரங்களைப் பழுது பாருங்கள், தூண்களைக் காப்பாற்றுங்கள். ஆனால் அவற்றின் வரலாற்றை எழுதும்போது கட்டியவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். தெருவிலே நிறுத்தப்பட்டவனையும் எழுதுங்கள். அவனும் உள்ளே வந்து அமரும் நாளில்தான் சத்திரம் அறக்கோட்டமாகும்.