தூப்புக்காரியும் தூய்மைப் பணியாளரும்: பெயர், பால், சாதி

'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் தமிழக அரசு 2020ஆம் ஆண்டில் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. இழிவு பெயரில் தங்கியிருக்கிறது என்ற கருத்தே இம்மாற்றத்தின் அடிப்படை. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்ற மலர்வதியின் நாவலோ, குமரி மாவட்டத்தின் வசைச்சொல்லான 'தூப்புக்காரி' என்பதையே தலைப்பாகச் சூடிக்கொண்டது. மருத்துவமனையில் துப்புரவு செய்யும் கனகம், அவள் மகள் பூவரசி ஆகியோரின் வாழ்வே அதன் களம். இழிவு சொல்லிலிருந்து தொழிலுக்குச் செல்வதில்லை, தொழிலிலிருந்தே சொல்லுக்கு வருகிறது என்பதை அத்தலைப்பு உணர்த்துகிறது.

நகர்ப்புற ஏழைப் பெண்ணின் உழைப்பைத் தமிழ்ப் புனைகதை இதற்கு முன்பும் பேசியுள்ளது. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' காட்டும் தங்கம் ஒரு சித்தாள். கட்டடத் தொழிலில் ஆண், சிற்றாளாய்ச் சேர்ந்து கொத்தனாராய் உயர வழியுண்டு. பெண் முதுமைவரை சித்தாளாகவே நிற்கிறாள். இப்பால்பாகுபாட்டை அப்படைப்பு முழுதாக ஆராயவில்லை. அதன் அக்கறை தாய்மையும் ஒழுக்கமும் பற்றியது. சேரி என்ற இடம் அங்கு வறுமையின் குறியீடாகிறது, சாதியின் குறியீடாவதில்லை. ஜெயகாந்தனின் மனிதநேயத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. அம்மனிதநேயம் எதைக் காணாமல் விட்டது என்பதே இங்கு வினா.

சட்டமும் ஒரு வகையில் காணாமல் விடுகிறது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், உரிய பாதுகாப்புக் கருவிகளுடன் கழிவகற்றுவோரைத் தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. எனவே கையுறை வழங்கப்பட்டால் தொழிலின் பெயரே மாறிவிடும். புதைசாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயாகவும், 2023இல் 30 லட்சம் ரூபாயாகவும் வகுத்தது. இறந்தவர் கணக்கில் வருகிறார். குழிக்குள் இறக்கப்படுவோர் பெரும்பாலும் ஆண்கள். தெருப் பெருக்கி, குப்பை தரம் பிரித்து, நாளெல்லாம் சிறுநீரை அடக்கி நோயுறும் பெண்ணின் மெல்லிய சிதைவுக்கு இழப்பீட்டுத் தலைப்பு இல்லை.

ஆவடி 1955ஆம் ஆண்டின் காங்கிரஸ் மாநாட்டால் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்துடன் நினைக்கப்படும் ஊர்; 2019இல் மாநகராட்சியானது. 2024 ஆகஸ்டில் இங்கு புதைசாக்கடையில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். விடியற்காலையில் இவ்வூர்த் தெருக்களில் பேட்டரி வண்டியுடன் வரும் பெண்களைக் குடியிருப்போர் 'குப்பைக்காரம்மா' என்றே விளிக்கின்றனர். புதிய பெயர் சீருடையில்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள்கள் போராடியோரில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் கோரியது பெயரையோ பரிவையோ அன்று, பணி நிரந்தரத்தை. 'தூப்புக்காரி'யின் குறையும் இவ்விடத்தில் தெரிகிறது. காதல், கைவிடப்படுதல், தாய்மை என்னும் இழையில் அக்கதை இயங்குவதால், ஊதியமும் ஒப்பந்தமும் அதில் பின்னணியாகவே எஞ்சுகின்றன. பூவரசி அவமானத்தை எதிர்கொள்கிறாள். முதலாளியை எதிர்கொள்ளும் காட்சிக்கு நாவலில் இடமில்லை.