பெரியோர் விளையாடாமைக்குச் சோம்பலோ காரணம்?

விளையாட்டு விழா மேடைகளில் ஒரு குற்றச்சாட்டுத் தவறாமல் எழுகிறது. நகர மக்கள், சிறப்பாகத் தோட்டத்தினின்று குடிபெயர்ந்த நம்மவர், சோம்பலால் விளையாடுவதில்லை என்பதே அது. 2015 முதல் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை நம் நாட்டில் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அன்றும் இதே பேச்சுத்தான். இதற்கு நாம் உடன்பட இயலவில்லை.

சான்றாகக் காட்டப்படுவது தேசிய உடல்நல ஆய்வு. 2019இல் பெரியவர் நால்வரில் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர். 2023இல் ஏறத்தாழ மூவரில் ஒருவர். எண் மெய்யே. ஆயின், அவ்வளவையில் வேலை, நடை, விளையாட்டு யாவும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. விடியல் தொட்டு நண்பகல் வரை பால் வெட்டியவர், ஒரு பந்தையும் தொடாமலே அதில் தேறிவிடுவார். அவரே தொழிற்சாலைக் காவலராகி நாற்காலியில் அமர்ந்தால் தவறிவிடுவார். இதனைக் கொண்டு விளையாட்டார்வம் குன்றிற்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

நீலாய் வட்டாரத்தில் நான் கண்டது வேறு. பால் நிறுத்து வீடு திரும்பியவருக்கு மாலையில் வேலை இல்லை. லயத்து வாசலில் நின்றால் திடல் தெரியும். பந்து உதைபடும் ஓசை கேட்டதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவர். அழைப்பும் இல்லை, கட்டணமும் இல்லை. நாற்பதைக் கடந்தவரும் சடுகுடு ஆடினர். (என் மூக்குக் கண்ணாடி ஒன்று அத்திடலில்தான் உடைந்தது.)

அவருள் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். வேலை நேரம் வாரந்தோறும் மாறுகிறது. ஒருவர் ஓய்ந்திருக்கையில் அடுத்த வீட்டார் பணியில் இருக்கிறார். புட்சால் கூடத்திற்கு மணிக்கணக்கில் வாடகை; பத்துப்பேர் சேர்ந்தாலன்றி ஆட்டமில்லை. ‘நேரமில்லை’ என்று அவர் கூறுவதைத் தனியொருவர் குறையாக எழுதிக்கொள்கின்றனர். பத்துப்பேருக்கும் ஒரே நேரம் வாய்க்கவில்லை என்பதன்றோ அதன் பொருள்! ‘ஆர்வமில்லை’ என்பதோ ஆடி நெடுநாளானவர் சொல். அதனைக் காரணங்களோடு சேர்ப்பது பிழை, அது விளைவு.

புக்கிட் ஜாலிலும் முன்னாளில் தோட்டமே. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிகளுக்காக அங்கெழுந்த அரங்கில் 80,000க்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். பார்க்கலாம்! வேலை முடித்தவர் நடந்துசென்று ஆடும் தொலைவில் திடல் உண்டா என்பது வேறு கேள்வி.

தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்கவும் நான் முற்படவில்லை. அத்திடலில் பெண்கள் ஆடக் கண்டதில்லை. பால் வெட்டில் ஆணுக்கு நிகராக உழைத்தவள் மாலையில் அடுப்படியில் நின்றாள். சங்க மகளிர் ஓரை ஆடியதை வகுப்பில் விரித்துரைத்த எனக்கும் அது அன்று உறைக்கவில்லை. இன்று நகரத்துப் பூப்பந்துக் கூடங்களில் தாய்மார் சிலரைக் காண்கிறேன். வாடகை கொடுக்க வல்ல சிலர்தாம். எனினும் இது நகரம் தந்த நன்மை.

எங்கள் பள்ளிக்கும் ஒரு திடல் உண்டு. பொருள்கள் களவு போகுமென்று அஞ்சி, மாலையில் அதன் வாயிலைப் பூட்டச் சொல்பவன் நானே. பெற்றோர் மாலையில் வந்து ஆடுவதற்கு ஒரு காவலரை அமர்த்த இயலுமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இனித்தான் கேட்கவேண்டும்.