இருவர் சமைத்த இசை

கலைப்படைப்பு என்பது தனியொருவன் உள்ளத்திலே முகிழ்த்து, அவன் பெயரோடு வழங்குவது என்பது திறனாய்வாளர் பலரும் கொண்டுள்ள எண்ணமாகும். நூலொன்றைக் கண்டால் அதனை யாத்தவன் யாவன் என்றும், பாடலொன்றைக் கேட்டால் அதற்கு இசை வகுத்தவன் யாவன் என்றும் வினவுதல் இயல்பே. ஆயினும் ஒருமைக்குள் அடங்காத படைப்புகளும் உண்டு. தமிழிலக்கிய வரலாறு இதற்குத் தக்க சான்று தருகின்றது. முதுசூரியர், இளஞ்சூரியர் என வழங்கப்பெறும் இரட்டைப்புலவருள் ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். காலிலாரைக் கண்ணிலார் தோளிற் சுமப்பார். ஒருவர் வெண்பாவின் முன்னிரண்டடியைத் தொடங்க மற்றவர் பின்னிரண்டடியால் முடிப்பார் என்பது செவிவழிச் செய்தி. தில்லைக் கலம்பகத்தையும் ஏகாம்பரநாதர் உலாவையும் படிப்போர், இவ்வடி யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இருவர் வாக்கும் ஒருவாக்காய் நிற்பதே அவற்றின் பெருமை.

இவ்வாறான ஒரு கூட்டுப்படைப்பு இருபதாம் நூற்றாண்டில் தமிழ்த் திரையிசையிலே தோன்றியது. விசுவநாதன், இராமமூர்த்தி ஆகிய இருவரும் 1952 முதல் 1965 வரை ஒரு பெயராய் நின்று இசையமைத்த காலமே அது. அவர்தம் தோற்றமும் வளர்ச்சியும் புகழும் எவ்வாறு அமைந்தன என்பதும், பிரிவின் பின்னர் அப்புகழை உலகம் எவ்வாறு பங்கிட்டது என்பதும் ஆராயத்தக்கன. பங்கீட்டிலே ஒருவர்க்கு நீதி குறைந்தது என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் கருத்து.

மூத்தவராகிய இராமமூர்த்தி 1922 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலே வயலின் வாசிப்பையே குலச்செல்வமாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்தவர். அவர்தம் பாட்டனார் மலைக்கோட்டை கோவிந்தசாமிப்பிள்ளை கருநாடக இசையுலகில் பெயர்பெற்ற வயலின் வித்துவான். இராகத்தின் இலக்கணமும் வில்லின் நுட்பமும் இராமமூர்த்திக்கு இளமையிலேயே வாய்த்தன. விசுவநாதனோ 1928 ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிற் பிறந்து, நான்காம் வயதிலே தந்தையை இழந்தவர். கண்ணனூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றவர். பின்னர் ஜுபிட்டர் நிறுவனத்திலே எடுபிடி வேலையிற் புகுந்து, எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்திலே கேட்டுக் கேட்டு வளர்ந்தார். ஒருவர் வழிவழி வந்த கல்வியையும், மற்றவர் பசியோடு தேடிய கேள்வியையும் முதலாகக் கொண்டு வந்தனர் எனலாம்.

இவ்விருவரும் கூடிய களம் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழு ஆகும். அங்கே இராமமூர்த்தி வயலின் வாசித்தார். விசுவநாதன் ஆர்மோனியம் வாசித்தார். 1952 ஆம் ஆண்டு சுப்பராமன் இளவயதிலேயே திடீரென மறைந்தார். ‘தேவதாஸ்’ உள்ளிட்ட அவர்தம் படங்கள் சில முடிவுறாமல் நின்றன. ஆசானின் குறையை மாணாக்கர் நிறைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த, என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ என்னும் படத்திலேதான் இருவர் பெயரும் முதன்முதல் இணைந்து தோன்றின. இந்தித் திரையுலகில் சங்கர்–ஜெய்கிஷன் என்னும் இணை 1949 இல் வெளிவந்த ‘பர்சாத்’ படத்தால் ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தமையால், இரட்டைப் பெயர் திரையுலகிற்குப் புதுமையாகத் தோன்றவில்லை. கருதத்தக்கது யாதெனின், ஆறாண்டு மூத்தவர் பெயர் பின்னும் இளையவர் பெயர் முன்னும் நின்றமையே. பிற்காலத்து மறதிக்கு இவ்வரிசையும் ஓரளவு துணைபோயிற்று.

புகழ் ஒருநாளில் வந்ததன்று. முதல் ஏழாண்டுகள் பயிற்சிக்காலம் போன்றவை. அக்காலத்திலே ஜி. இராமநாதனும் கே. வி. மகாதேவனும் திரையிசையில் ஓங்கி நின்றனர். அதற்கு முந்திய தலைமுறையில், நடிகரே பாடகராய் நின்று நீண்ட சங்கதிகளைப் பொழிதல் வழக்கு. 1944 இல் வந்த ‘ஹரிதாஸ்’ போன்ற படங்களிலே கதை பாட்டுக்காக நின்றது. பாட்டு பாடகரின் குரல்வன்மைக்காக நின்றது. விசுவநாதன்–இராமமூர்த்தி இணை இந்நிலையை மெல்ல மாற்றியது. ‘புதையல்’ (1957), ‘பதிபக்தி’ (1958), ‘பாகப்பிரிவினை’ (1959) என வளர்ந்து வந்த இசை, 1961 ஆம் ஆண்டிலே ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்று படங்களால் தமிழர் இல்லந்தோறும் புகுந்தது. மூன்றையும் இயக்கியவர் ஏ. பீம்சிங், பாடல்களை யாத்தவர் கண்ணதாசன்.

இவர்கள் செய்த மாற்றம் யாது? இராகத்தைக் கைவிட்டனர் என்று சிலர் குறைகூறுவர். அக்கூற்றுப் பொருந்தாது. இராகம் அவ்விசையின் உள்ளே நின்றது, ஆலாபனையே சுருங்கியது. சொல் தெளிவாய் ஒலிக்குமாறு மெட்டு எளிமையாக்கப்பட்டது. பாடலின் தொடக்கத்திலும் சரணங்களுக்கிடையிலும் வரும் வாத்திய இசை, இடைவெளியை நிரப்பும் ஓசையாக நில்லாது, காட்சியின் உணர்வைச் சொல்லும் மொழியாயிற்று. ‘பாசமலர்’ படத்திலே தாலாட்டாக அமைந்த பாடல் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் மாறி மாறிப் பாடும் அப்பாடலில், பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டுகின்றனர். மெட்டு ஒன்றே, பாடுமிடம் இரண்டு. உறவு முறியவில்லை என்பதைக் கதை சொல்லுமுன் இசை சொல்லிவிடுகின்றது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் சுசீலாவின் குரலோடு வரும் சித்தார் ஒலியும் இத்தகையதே. கணவன் சொன்ன சொல்லால் நொந்த மனைவியின் கேள்விக்கு, அவள் வாய்விட்டுச் சொல்லாத பகுதியைத் தந்தி சொல்கின்றது.

1964 ஆம் ஆண்டே இவர்தம் ஆற்றலின் உச்சம். ஒரே ஆண்டில் வந்த இரு படங்களை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ புராணக் கதை. அதற்கு வடநாட்டு வாத்தியங்களையும் வடநாட்டு இராக மரபையும் துணைக்கொண்டு ஒரு பேரவையின் மாட்சியை எழுப்பினர். போர்க்களத்திலே கர்ணன் உயிர்விடும் வேளையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் பாடல் சக்கரவாக இராகத்தில் அமைந்தது. அழுகையைத் தூண்டாமல் வணக்கத்தைத் தூண்டுவது. அதே ஆண்டில் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ நகைச்சுவைப் படம். அதன் பாடல்களிலே கிற்றாரும் டிரம்ஸும் மேனாட்டுத் துள்ளிசையும் களிநடம் புரிகின்றன. இரண்டையும் செய்தவர் அவ்விருவரே. மரபறிவு மட்டுமிருந்தால் பின்னது வறண்டிருக்கும். புதுமை வேட்கை மட்டுமிருந்தால் முன்னது வெறும் ஆரவாரமாய் முடிந்திருக்கும். அவ்வாண்டிறுதியில் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்திலே ஒலிப்பதிவுக் கூடமே ஒரு பாடற்காட்சியாக அமைந்தது. திரைக்குப் பின்னே இருந்த வாத்தியக்காரரைத் தமிழ் மக்கள் அன்று கண்ணாற் கண்டனர். பியானோ வாசித்த பிலிப்ஸ், அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி முதலிய கலைஞர் பலரின் கைத்திறனும் சேர்ந்தே இவ்விசை உருவாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

இதே காலத்திலே கடல் கடந்த ஆங்கில நாட்டிலும் ஓர் இசைக்குழு இவ்வாறே எழுந்தது. லிவர்பூல் நகரில் 1957 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் தேவாலய விழாவொன்றிலே ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி என்னும் இளைஞர் இருவர் சந்தித்தனர். அடுத்த ஆண்டு ஜோர்ஜ் ஹரிசன் சேர்ந்தார். 1960 இல் ‘பீற்றில்ஸ்’ என்னும் பெயர் நிலைத்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரக் களியாட்டக் கூடங்களிலே இரவு முழுதும் வாசித்து வாசித்தே அவர்கள் தேர்ச்சி பெற்றனர். 1962 இல் றிங்கோ ஸ்ரார் முரசு வாசிக்க வந்தார். ஜோர்ஜ் மார்ட்டின் என்னும் ஒலிப்பதிவாளரின் வழிகாட்டலில் அவ்வாண்டு ஒக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1964 பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் தோன்றியபோது ஏறத்தாழ 7.3 கோடி மக்கள் கண்டனர். 1970 இல் குழு கலைந்தது.

இரு வரலாறுகளுக்கும் உள்ள ஒப்புமை வியப்பளிப்பது. ஈரிடத்தும் புகழுக்கு முன்னே பிறர்க்காக வாசித்த நெடிய உழைப்பு உண்டு. ஈரிடத்தும் அயல்நாட்டு வாத்தியங்களை வரவேற்ற உள்ளவிரிவு உண்டு. சென்னையிலே கிற்றார் ஒலித்தது போல, 1965 இல் ஆங்கிலக் குழுவின் இசைத்தட்டிலே சித்தார் ஒலித்தது. வேற்றுமையும் உண்டு. லிவர்பூல் இளைஞர் தம் பாடலைத் தாமே எழுதித் தாமே பாடி மேடையிலே முகம் காட்டினர். சென்னை இருவரோ கவிஞர்க்கும் பாடகர்க்கும் நடிகர்க்கும் பின்னே மறைந்து நின்றனர். மற்றொன்று இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. லெனனும் மக்கார்ட்னியும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்திருந்தனர்: குழுவுக்காக எவர் தனித்து எழுதினாலும் பாடல் இருவர் பெயரிலேயே வெளிவரும். குழு கலைந்த பின்னர் ஆங்கிலத் திறனாய்வாளர் அப்பாடல்களைப் பிரித்துப் பங்கிட முயன்றனர். தமிழ்நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது.

1963 இல் திருவல்லிக்கேணி விழாவிலே நடிகர் சிவாஜி கணேசன் கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் இருவர்க்கும் வழங்கப்பட்டது. ஈராண்டுகளில், 1965 இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு அவர்கள் பிரிந்தனர். பின்னர் விசுவநாதன் தனித்து நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி ‘சாது மிரண்டால்’ (1966), ‘மறக்க முடியுமா’ (1966), ‘நான்’ (1967) முதலாகச் சில படங்களே செய்தார். இதனைக் கண்டோர் ஒரு முடிவுக்கு வந்தனர்: மெட்டமைத்தவர் விசுவநாதன், வாத்தியங்களை ஒழுங்குசெய்தவர் இராமமூர்த்தி, ஆதலின் முன்னவரே படைப்பாளர், பின்னவர் துணைவர். இருவர்க்கும் பொதுவாகிய பட்டமும் நாளடைவில் ஒருமைக்குச் சுருங்கி, ‘மெல்லிசை மன்னர்’ என்றால் ஒருவரையே குறிக்கும் வழக்கு உண்டாயிற்று.

இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. முதலாவதாக, மெட்டு வேறு, வாத்திய ஒழுங்கு வேறு என்னும் பிரிவே இவ்விசைக்குப் பொருந்தாது. வாத்திய இசை காட்சியின் மொழியானதே இவர்தம் புதுமை என்றால், அதனை வகுத்ததும் படைப்பே. ‘கர்ணன்’ பாடல்களிலே வயலின் கூட்டத்தை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பார்ப்போர் இழப்பின் அளவை அறிவர். இரண்டாவதாக, படங்களின் எண்ணிக்கை திறமையின் அளவுகோல் ஆகாது. திரைத்தொழில் வணிகத்தோடு பிணைந்தது. பெருநடிகரின் ஆதரவும் தயாரிப்பாளரின் நம்பிக்கையும் ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்றவர்க்கு வாய்ப்புக் குறைதல் இயல்பு. ‘நான்’ படத்துப் பாடல்களைக் கேட்போர் அங்கே ஆற்றல் குன்றியதென்று சொல்லார்.

எனினும் மறுபக்கத்து வழக்கையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். பிரிந்தபின் விசுவநாதன் ‘உயர்ந்த மனிதன்’ (1968), ‘அபூர்வ ராகங்கள்’ (1975) போன்ற படங்களிலே காட்டிய வளம் மறுக்கவொண்ணாதது. அவருக்குத் துணையின்றியும் இயங்கும் ஆற்றல் இருந்தது என்பது உண்மை. ஆனால் அவ்வளம் வேறுவகைத்து. தனித்த காலத்து இசையில் விரைவும் விளையாட்டும் மிகுந்தன. இணைந்த காலத்து இசையிலிருந்த செறிவும் அடக்கமும் சற்றுத் தளர்ந்தன. ஒருவர் பாய முற்படும்போது மற்றவர் கடிவாளம் பிடித்ததும், ஒருவர் இலக்கணத்தில் நின்றுவிட முற்படும்போது மற்றவர் முன்னிழுத்ததும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளின் தனிச்சிறப்பு. அச்சிறப்பு ஒருவர் கைப்பொருளாய் இருந்திருப்பின், பிரிவின் பின்னும் ஒருவரிடம் முழுமையாய்த் தொடர்ந்திருக்கும். இருவரிடத்தும் அது அவ்வாறே தொடரவில்லை என்பதே, அது இருவர்க்கும் இடையிலே பிறந்த பொருள் என்பதற்குச் சான்று.

இவ்விசையின் பரவலில் ஈழநாட்டிற்கும் பங்குண்டு. இருவரும் இணைந்த 1952 ஆம் ஆண்டிலேதான் இந்திய வானொலி, அமைச்சர் கேஸ்கரின் கொள்கைக்கிணங்கத் திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கியது. அவ்விடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நிரப்பிற்று. தென்னாட்டார் கொழும்பு நோக்கிச் செவிசாய்த்தனர். ஈழத்துச் சிற்றூர்களும் அவ்வாறே கேட்டன. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளம் போன்ற வன்னிச் சந்திகளிலே, காடும் வயலும் சூழ்ந்த குடிகளுக்கு வானொலியே இசையரங்காயிற்று. பிற்காலத்துப் போரினால் மின்சாரம் அற்று, மின்கலங்களும் தடுக்கப்பட்ட 1990களில், வன்னி மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். செய்திக்காகச் சுழன்ற சக்கரம் பழைய பாட்டுக்காகவும் சுழன்றது. அவ்வாறு கேட்ட செவிகளில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் சொல்லப்பட்ட பின், இசை விசுவநாதன்–இராமமூர்த்தி என்று ஒரே மூச்சில் விழுந்தது. அறிவிப்பாளர் இருவரையும் பிரித்துச் சொன்னாரில்லை. திறனாய்வாளர் பிரித்ததை வானொலி சேர்த்தே காத்தது.

முப்பதாண்டுப் பிரிவின் பின், 1995 இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். காலம் மாறியிருந்தமையால் பழைய வெற்றி வாய்க்கவில்லை. 2012 இல் தமிழக அரசின் சார்பில் முதலமைச்சர் ஜெயலலிதா ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டத்தை இருவர்க்கும் ஒருங்கே வழங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தனர்.

‘பாகப்பிரிவினை’ என்பது அவர்தம் படங்களுள் ஒன்றின் பெயர். முற்றத்தின் நடுவே சுவரெழுப்பி ஒரு வீட்டை இரண்டாக்குவது அக்கதை. அச்சுவர் இடிந்த பின்னரே அங்கே வாழ்வு மலர்கின்றது. இப்பாடல்களிலும் சுவரெழுப்ப முயலுதல் வேண்டா. இரட்டைப்புலவர் வாக்கை ஒருவாக்காகக் கொண்ட தமிழுலகம், இவ்விருவர் இசையையும் அவ்வாறே கொள்ளுதல் முறை. முன்னின்ற பெயரைப் போற்றுமிடமெல்லாம் பின்னின்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுதல், இசையறிந்தோர் செய்யத்தக்க சிறிய கடனாகும்.