சமையலும் கல்வியும்: டூயியின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

ஜோன் டூயி 1896இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வுகூடப் பாடசாலையின் அநுபவமே, 1899இல் வெளிவந்த ‘பாடசாலையும் சமுதாயமும்’ என்னும் அவரது நூலுக்கு அடிப்படையாகும். அப்பாடசாலையிற் சிறுவர் சமைத்தனர், நெய்தனர், முற்றத்திற் பயிரிட்டனர். ஆயினும், சமையற்காரரை உருவாக்குதல் அதன் நோக்கமன்று. முட்டையை வேகவைத்த பிள்ளைகள், நீரின் வெப்பம் மாறுந்தோறும் வெண்கரு எவ்வாறு மாறுகின்றது என ஆராய்ந்ததை நூல் விவரிக்கின்றது. சமையற் குறிப்பைப் பின்பற்றுவதன்று, காரணத்தைத் தேடுவதே கல்வி என்பது டூயியின் கருத்து.

1937இன் வார்தாக் கல்வித்திட்டம் இவ்விடத்திலேயே வேறுபடுகின்றது. மாணாக்கரின் கைத்தொழில் வருவாய் காலப்போக்கில் ஆசிரியர் ஊதியத்தை ஈடுசெய்ய வேண்டுமெனக் காந்தியடிகள் எதிர்பார்த்தார். வறிய நாட்டின் நிலையுணர்ந்த எதிர்பார்ப்பு அது. எனினும், விளைச்சலே அளவுகோலாகுமிடத்துப் பிள்ளையின் வினாவுக்கு நேரமிராது. இவ்வபாயத்தைத் திட்டத்தை வகுத்த சாகிர் ஹுசேன் குழுவின் அறிக்கையே சுட்டியது.

டூயியிடமும் குறையுண்டு. பல்கலைக்கழக ஆதரவிற் சிறு குழுக்களாகப் பயின்றோர்க்கு இயன்றதை, நெருக்கடி மிக்க சாதாரண வகுப்பறை எவ்வாறு நிறைவேற்றும் என்பதற்கு நூல் போதிய விடை தரவில்லை. ஆயினும், பிள்ளையின் கையில் மண்வெட்டியையோ அகப்பையையோ கொடுப்போர் முதலிற் கேட்கவேண்டிய வினாவை அது உணர்த்துகின்றது: இதனாற் பிள்ளை அறிவது யாது?