கரோக்கி மேடையும் கானல்வரியும்

'கரோக்கி' என்பது ஜப்பானியச் சொல். 'காரா' என்றால் வெறுமை. 'ஓக்கி' என்பது ஆர்கெஸ்ட்ரா என்னும் சொல்லின் குறுக்கம். பாடகர் இல்லாத வெற்று இசைக்குழு என்று பொருள் கொள்ளலாம். 1971-இல் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற இசைக்கலைஞர், காசு போட்டால் பக்கவாத்தியம் மட்டும் ஒலிக்கும் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டி உலகம் சுற்றி, கைப்பேசிக்குள் அடங்கி, திருவனந்தபுரத்தில் நம் விழா மேடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஜப்பானில் பழைய நினைவைக் கிளறும் பாட்டுகளுக்கு 'நாட்சுமெரோ' என்று தனிப் பெயரே உண்டு. உதாடா ஹிகாரு என்ற பாடகி 1999-இல், தம் பதினாறாவது வயதில், ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். ஜப்பானில் மிக அதிகமாக விற்ற தொகுப்பு அது. அதைப் பள்ளிப் பருவத்தில் கேட்ட பெண்கள் முப்பதுகளை எட்டியபோது, தோழிகளோடு சிறு அறையை வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அதே பாட்டைப் பாடினார்கள். அங்கே கேட்பவர் தோழியர் மட்டும். இங்கே நம் சகோதரிகள் பாடுவதோ திறந்த மேடையில். முன் வரிசையில் மாமியார், அடுத்த வரிசையில் மைத்துனர், பின்னால் ஊரே இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே அவர்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டுகளை நாம் நோக்க வேண்டும்.

இன்று முப்பதுகளில் இருப்போர் 1980களின் பின்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் பிறந்தவர்கள். சங்க விழாக்களில் இவர்கள் பாடக் கேட்டுவருகிறேன். இவர்களில் பலர் ஜோடிப் பாட்டுக்குப் போவதில்லை. "கூடப் பாட யாரு வருவா?" என்று சிரித்துவிட்டுத் தனிப் பாட்டையே எடுக்கிறார்கள். மேடையின் கட்டுப்பாடு பாட்டுத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. அப்படித் திரும்பத் திரும்ப நான் கேட்டவற்றுள் மூன்று பாட்டுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை'. ஏ.ஆர். ரகுமானுக்கு முதல் படம். வைரமுத்துவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டு. படத்தில் இதைப் பாடுபவள் தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துப் பெண். செங்கோட்டை வழியாகப் போனால் நமக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு பெண் தன் ஆசைகளை வரிசையாக அடுக்குவதே பாட்டின் அமைப்பு. அதே பட்டியலை முப்பத்தைந்து வயதுத் தாய் பாடும்போது பொருள் மாறிவிடுகிறது. திரைப்படப் பெண்ணுக்கு அவை இனி நடக்கப்போகும் ஆசைகள். மேடைப் பெண்ணுக்கோ, எவை நடந்தன, எவை நின்றுபோயின என்ற கணக்கு. ஒரு சொல்லும் மாறவில்லை. காலம் மட்டுமே மாறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. படம் வந்தபோது இவர்கள் கைக்குழந்தைகள், அல்லது சிறுமிகள். வீட்டு டேப்ரிக்கார்டரில் இதைப் போட்டுக் கேட்டவர்கள் இவர்களுடைய அம்மாமார்கள். ஆகவே இது பாதி தன் நினைவு, பாதி அம்மாவின் நினைவு.

இரண்டாவது, 1994-இல் வந்த 'கருத்தம்மா' படத்தின் 'போறாளே பொன்னுத்தாயி'. ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. பிறந்த மண்ணைவிட்டுப் போகும் பெண்ணின் துயரம் அதில் உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கரமனைக்கும் வலியசாலைக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் நம்மிடையே பலர். "இங்கனதானே இருக்கு, இரண்டு மணி நேரத்துல போயிரலாம்" என்று தூரத்தைச் சிறிதாக்கிப் பேசுவோம். பாட்டு அப்படிச் சிறிதாக்குவதில்லை. ரயில் அட்டவணை சொல்லாத தூரத்தை அது சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, 2001-இல் வந்த 'மின்னலே' படத்தின் 'வசீகரா'. ஹாரிஸ் ஜெயராஜுக்கு இது முதல் படம். எழுதியவர் தாமரை. பெண்ணின் விருப்பத்தை ஆண் கவிஞர்களே பெரும்பாலும் எழுதிவந்த திரையுலகில், ஒரு பெண்ணே எழுதிப் பெண்ணே பாடிய பாட்டு இது என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டுக்குள் இருவர் சேர்ந்து வாழும் நெருக்கத்தை, வெட்கத்தின் பின்னால் ஒளியாமல், பெண்ணே விரும்பிச் சொல்கிறாள். பாம்பே ஜெயஸ்ரீ உச்சத்துக்குத் தாவாமல், தாழ்ந்த குரலில் நிதானமாகப் பாடியிருக்கிறார். ஆகவே பாடகியாகப் பயிற்சி பெறாதவர்களுக்கும் இது ஓரளவு கைவருகிறது.

இங்கே ஒரு செய்தி. முதல் பாட்டைப் பாடிய மின்மினி கேரளத்தில் பிறந்தவர், ஸ்வர்ணலதாவும் அப்படியே, ஜெயஸ்ரீ பிறந்தது கொல்கத்தாவில். மூவருமே தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டுமா?

இனி சிக்கலுக்கு வருவோம். நம் மேடையில் இரண்டு விதமான தீர்ப்புகளைக் கேட்கிறேன். ஒன்று, பாட்டு முடியுமுன்னே எழும் கிசுகிசு: "யாரை நினைச்சுப் பாடுதா?" இந்தக் கேள்வி புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கானல்வரி முழுவதும் இந்தக் கேள்விதான். கோவலன் யாழிசைத்துப் பாடினான். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறதோ என்று மாதவி எண்ணினாள். அவளும் வேறொருவனை நினைத்தவள்போலக் குறிப்பு வைத்துப் பாடினாள். பாட்டைப் பாட்டாகக் கேளாமல் வாக்குமூலமாகக் கேட்டான் கோவலன், எழுந்து போனான். பின்னர் நடந்ததை நாம் அறிவோம். சேர நாட்டு இளவரசர் பாடியதாக நாம் பெருமை பேசும் காப்பியம் இது. அதன் பாடத்தை மட்டும் ஏன் மறந்தோம்?

இரண்டாவது தீர்ப்பு, "அசல் மாதிரியே இல்லையே" என்பது. கே.எஸ். சித்ரா பிறந்த ஊர் இது. ஆகவே நம் காதுகளுக்கு எதிர்பார்ப்பு அதிகம். பாடகியின் சுருதியிலேயே கரோக்கியை ஓடவிட்டு, வீட்டு வேலையும் அலுவலக வேலையும் பார்த்து வந்த ஒருத்தியை அந்த உயரத்தில் ஏறச் சொல்கிறோம். குரல் உடைந்தால் சிரிக்கிறோம். அசலின் நகல்தான் வேண்டுமென்றால் இசைத்தட்டே போதும், ஆள் எதற்கு?

என் கருத்து இதுதான்: மேடையில் ஒரு பெண் பாடும் பழைய பாட்டு வாக்குமூலமும் அன்று, நகலும் அன்று. அது அந்தப் பாட்டுக்கு அவள் எழுதும் உரை. பரிமேலழகர் குறளுக்கு எழுதியது போல, இவள் தன் வாழ்க்கையைக் கொண்டு ஒரு சினிமாப் பாட்டுக்குப் பொருள் சொல்கிறாள். எந்தச் சொல்லில் நிற்கிறாள், எதை வேகமாகக் கடக்கிறாள் என்று கவனித்துக் கேட்டால் அந்த உரை விளங்கும்.

விழாப் பொறுப்பாளர்களுக்குச் சில சொற்கள். கரோக்கியின் சுருதியை மாற்றும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டை இறக்கிக் கொடுங்கள். நேரமில்லை என்று இரண்டாம் சரணத்தை வெட்டாதீர்கள். முதல் சரணத்தில் கூச்சம் போகும், இரண்டாவதில்தான் பாட்டு வரும். திரையில் ஆங்கில எழுத்தில் ஓடும் பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் தாருங்கள். அம்மா பாடும்போது கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை திரையைத்தான் பார்க்கிறது. பள்ளியில் தமிழ் படிக்காத அந்தப் பிள்ளைக்கு, அம்மாவின் குரலோடு சேர்ந்து நகரும் எழுத்தைவிட நல்ல அரிச்சுவடி கிடைக்காது.